துரைக்குக் காது கேட்காது

தாயி, நீ ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு புறப்படும் முன்னால் இதை முழுசாக வாசித்துவிடு. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் பாதியில் எனக்கே தைரியம் போய்விடும். துரைக்குக் காது கேட்காது. இன்று நேற்று வந்த கேடு இல்லை, பிறந்ததிலிருந்தே கேட்காது. எனக்கு இது தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும், "சாப்பிட்டியா, பாப்பா என்ன செய்றா, அங்கிட்டு மழை உண்டா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கோயம்புத்தூரில் மழை பெய்தால் எனக்கென்ன, பெய்யாவிட்டால் எனக்கென்ன. நீகூட, "என்னப்பா, முட்டி ஆபரேஷனுக்குப் பயப்படுறீகளா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். முட்டிக்கு நான் பயப்படவில்லை. அது டாக்டர் பாடு. நான் மதுரையில் படுத்துக் கிடக்கிற நாட்களில் துரை உன் வீட்டுக் கூடத்தில், பாப்பா ஓடியாடுகிற அதே கூடத்தில், கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதுதான் என் பயம்.

உன் அம்மா போன பிறகு நீதான் நாய் வளர்க்கச் சொன்னாய். "வீட்டுக்குக் காவலும் ஆச்சு, உங்களுக்குப் பேச்சுத் துணையும் ஆச்சு" என்றாய். அப்போது நீ பாப்பாவைச் சுமந்து நாலு மாசம். மாப்பிள்ளை கார் ஓட்ட, மூன்று பேருமாக ராஜபாளையம் போனோம். அந்த வளர்ப்புக்காரர் வீட்டு முற்றத்தில் ஐந்து குட்டிகள் கிடந்தன. ஒன்றுக்கு இடது காதில் காப்பி நிறத்தில் ஒரு திட்டு. அது தத்தித் தத்தி வந்து உன் கால் விரலை நக்கியது. "இதுதாம்ப்பா நம்ம குட்டி" என்றாய். நான் ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டேன். ராஜபாளையம் நாய் என்றால் உடம்பு பால் வெள்ளை, மூக்கு ரோஸ், ஒரு புள்ளி விழுந்தாலும் அது கலப்பு என்று சாதித்தேன். இதெல்லாம் எங்கே படித்தேன் என்று கேட்காதே. நம் கடைக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னதுதான் என் படிப்பு. இருப்பதிலேயே வெள்ளையான குட்டியைத் தூக்கிக்கொண்டேன். உனக்கு முகம் சுண்டிவிட்டது. மயக்கமாக வருகிறது என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

நீ காருக்குப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த மனுஷன் நல்லவர். என் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, நீங்க எடுத்திருக்கதுக்குக் கண்ணு நீலமா ஓடுது. நீலக்கண்ணு விழுந்தா சிலதுக்குக் காது மந்தமா இருக்கும். எதுக்கும் பாத்து எடுங்க" என்றார். புள்ளிக் குட்டி வேண்டாம் என்று அத்தனை பேச்சுப் பேசிவிட்டு, இப்போது இதைக் கீழே இறக்கினால் மாப்பிள்ளை முன்னால் என் மரியாதை என்ன ஆகும்? அவர் வீட்டு சில்வர் தட்டு ஒன்றை வாங்கினேன். குட்டிகளை எல்லாம் ஒன்றாக விட்டு, அவற்றுக்குப் பின்னால் போய், சிமென்ட் தரையில் தட்டை ஓங்கி ஒரு அடி அடித்தேன். ஐந்தும் துள்ளி விழுந்தன. "பாத்தீகளா?" என்று அவரிடம் ஜம்பமாகக் கேட்டேன். அவர், "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது, எல்லாம் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்தேன் என்று மாப்பிள்ளையிடம் பெருமையடித்ததும் நான்தான்.

அந்த வெள்ளைத் தோலைப் பார்த்துத்தான் துரை என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் வரமாட்டான். "துரையில்லையா, கூப்பிட்ட ஒடனே வந்துருவாரா" என்று நீ கேலி செய்வாய். நானும் சேர்ந்து சிரித்தேன். தீபாவளிக்கு நம் பாளையம்பட்டி நாயெல்லாம் ஓடி ஒளிய இடம் தேடும்போது இவன் மட்டும் வாசலில் காலை நீட்டித் தூங்குவான். நாலு வீடு தள்ளிச் சரவெடி வெடித்து முடிந்து காகிதம் பறந்து வந்து மேலே விழுந்தால், அதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவான். ஊர்ப் பொங்கலுக்கு ரேடியோ செட்டுக்காரன் கட்டிய ஸ்பீக்கர் குழாய்க்கு நேர் கீழேதான் துரைக்குப் பகல் தூக்கம். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "பெறப்பு அப்படி, வேட்டுச் சத்தத்துக்கெல்லாம் அசையாது" என்று அளந்தேன். பாலவனத்தத்திலிருந்து வந்த ஒருவர், "நம்ம நாயி ஊசிப் பட்டாசுக்கே கட்டிலுக்கடியில போயிருது அண்ணாச்சி. நீங்க என்ன போடுறீக?" என்று பயபக்தியாகக் கேட்டார். நான் கொஞ்சமும் கூசாமல், கம்பங்கூழில் முட்டை உடைத்து ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பாவப்பட்ட நாய் எத்தனை நாள் அதைக் குடித்ததோ தெரியாது.

உண்மை தெரியவந்தது காதால் இல்லை, தோலால். நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். அந்த ரோஸ் மூக்கு சித்திரையில் தோலுரிந்து புண்ணாகிவிட்டது. வயிற்றிலும் காது மடலிலும் சிவந்து, சொறிந்து சொறிந்து முடி கொட்டியது. நான் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்பினேன். வெள்ளை நாய் மஞ்சள் நாய் ஆனதே தவிர அரிப்பு நிற்கவில்லை. கடைசியில் மூட்டை இறக்க வருகிற நம் கருப்பசாமியைத் துணைக்கு வைத்துக்கொண்டு டவுனுக்குக் கொண்டுபோய்க் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தோலுக்கு மருந்து எழுதினார். இந்த இனத்துக்குத் தோல் வியாதி அடிக்கடி வரும், உச்சி வெயிலில் விடாதீர்கள் என்றார். பிறகு துரையின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, இவனுக்குக் காது கேக்குமா?" என்று கேட்டார். தட்டுக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் என்னோடு வாதாடவில்லை. வெளியே மண் தரையில் துரையை நிறுத்தி, அவன் என்னையே பார்க்கும்படி என் கையில் ஒரு ரொட்டியைக் கொடுத்தார். அவனுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் போய் நின்று கை தட்டினார். விசில் அடித்தார். அங்கே கட்டியிருந்த ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. துரை ரொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கருப்பசாமி எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தட்டு அடித்ததில் துள்ளியது ஏன் என்று டாக்டரம்மா விளக்கினார். சிமென்ட் தரையில் அடித்தால் அதிர்வு பாதத்தில் ஏறும்; அதோடு கூட நிற்கிற நாலும் துள்ளினால் ஐந்தாவதும் துள்ளத்தான் செய்யும். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே சமாச்சாரம் காதுக்குள்ளேயும் கொஞ்சம் இருந்தால்தான் காது வேலை செய்யுமாம். உடம்பெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் சில குட்டிகளுக்குக் காதுக்குள்ளேயும் அது இல்லாமல் போய்விடுகிறது. வெள்ளை நாய் எல்லாம் செவிடு இல்லை, ஆனால் இந்த இனத்தில் இது புதுசும் இல்லை என்றார். அதாவது, நான் எந்த லட்சணத்துக்காக உன் குட்டியை ஒதுக்கினேனோ அதே லட்சணம்தான் துரையின் காதைத் தின்றிருக்கிறது. வைத்தியம் கிடையாது. புறப்படும்போது அந்தப் பெண் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, ஒன்றை அழுத்திச் சொன்னார்: "தூங்கும்போது மட்டும் யாரும் தொடாதீங்க. ஆளு வர்றது அதுக்குத் தெரியாது. பதறி எந்திரிச்சா கடிச்சிரும், அது மேல தப்பில்ல. வீட்டுக்கு வர்றவுக எல்லாருக்கும் சொல்லிருங்க. சின்னப் பிள்ளைக இருந்தா கட்டாயம் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. நீ "அன்னைக்கே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவாயே என்ற வீம்பு. கருப்பசாமியின் வாயையும் கட்டிப்போட்டேன். நானும் துரையும் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலால் தரையைத் தட்டினால் திரும்புவான். கையை மார்புக்கு நேரே இழுத்தால் வருவான். உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவான். நீ வரும்போதெல்லாம் இதை ஏதோ நான் பழக்கிய வித்தை என்று நினைத்து வீடியோ எடுத்தாய். எனக்கு அதுவும் வசதியாகப் போயிற்று.

தாயி, இதுவரை எழுதியது சுலபம். கோடை லீவுக்கு நீ பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாயே, அந்தப் புதன்கிழமை மத்தியானம் நீ பிளவுஸ் தைக்கக் கொடுக்க டவுனுக்குப் பஸ் ஏறிப் போனாய். பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். கரண்டு இல்லை. எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒருவர் ஷேர் ஆட்டோவைக் காக்கவைத்துக்கொண்டு, "சீக்கிரம் போடுங்க அண்ணாச்சி" என்று அவசரப்படுத்தினார். நான் தராசில் புண்ணாக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். துரை மூட்டை அடுக்குக்குப் பின்னால் நிழலில் தூங்கினான். பாப்பா கையில் முறுக்கோடு என் பின்னால்தான் நின்றாள். எவ்வளவு நேரம் என்கிறாய், ஒரு எடை போடுகிற நேரம்தான். அவள் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே படுத்துவிட்டாள். துரை அலறி எழுந்தான். அவன் அலறலை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நான் திரும்பும்போது பாப்பாவின் முன்னங்கையில் அவன் வாய் இருந்தது. அடுத்த நொடி விட்டுவிட்டான். அவள்தான் என்று கண்டதும் வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். சிறுநீர்கூட விட்டுவிட்டான். பாப்பாவின் கையில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். லேசாக ரத்தம் பொடித்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவி, அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். நான் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன், மஞ்சளை வைத்தேன். நீ பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்குள் பொய்யைத் தயார் செய்துவிட்டேன். சாக்குத் தைக்கிற கோணூசி கீறிவிட்டது என்றேன். நீ சாமி வந்தவள் மாதிரி ஆடினாய். "கோணூசியைக் கண்ட எடத்துல போடுவீகளாப்பா? கண்ணுல குத்தியிருந்தா என்ன செய்வீக?" என்று கத்தினாய். நீ திட்டத் திட்ட எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இன்றைக்கு எழுதவே வெட்கமாக இருக்கிறது. பாப்பா உன் தோளில் சாய்ந்துகொண்டு, "துரை கடிச்சான்" என்றாள். தெளிவாகச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். நீ என்னைப் பார்த்தாய். நான் சிரித்தேன். "அவன் என்ன செஞ்சான் பாவம், ஊசிதானடி செல்லம்" என்றேன். பிறகு அவளை டாக்டரிடம் கொண்டுபோய் ரணஜன்னிக்கு டிடி ஊசி போட்டோம். எதனால் கீறியது என்று அவர் கேட்டபோது, கோணூசி என்று நீ சொன்னாய். நான் உன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நீங்கள் ஊருக்குப் போனதும் துரையின் ஊசி அட்டையைத் தேடி எடுத்தேன். வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குக் குறித்துக் கொடுத்த தேதி மூன்று மாசத்துக்கு முன்பே தாண்டியிருந்தது. டாக்டரம்மாவிடம் ஓடி, துரை பாப்பாவைக் கடித்ததைச் சொன்னேன். "பிள்ளைக்கு ஊசி ஆரம்பிச்சாச்சா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். ஆச்சு என்றேன். அவர் கேட்டது நாய்க்கடி ஊசி, நான் மனசில் வைத்துக்கொண்டது டிடி ஊசி. "அத நிறுத்தாம போடுங்க. நாயக் கட்டிப் போட்டுப் பத்து நாளு பாருங்க. தின்னுதா, தண்ணி குடிக்குதா, நடையில ஏதும் மாத்தம் இருக்கான்னு பாருங்க" என்றார். அந்தப் பத்து நாள் நான் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. துரைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அவன் தண்ணீர் குடிக்கிறானா என்று பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டால் முக்காலியை விட்டு எழுந்து நின்றேன். எச்சில் வடிந்தால் துடைத்துப் பார்த்தேன். காலையிலும் மாலையிலும் உனக்குப் போன் செய்து, பாப்பா தண்ணீர் குடித்தாளா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். ஆறாம் நாள் நீ, "என்னப்பா இது, தெனமும் தண்ணி குடிச்சாளா தண்ணி குடிச்சாளான்னு! கோயம்புத்தூர்ல தண்ணி இல்லன்னு யாரும் சொன்னாகளா?" என்று சலித்துக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊசி போட்டிருப்பாய். நான் சொல்லவில்லை. என் பேத்தியின் உயிரை ஒரு நாயின் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்து நிச்சயம் பண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் துரை எப்போதும் போலச் சோற்றைக் காலி செய்துவிட்டுச் சட்டியைக் காலால் உருட்டினான். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, அந்தக் கடியால் இனி பயமில்லை என்றார். அவனுக்கு ஊசியும் போட்டார். பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை, நீ பதறாதே. ஆனாலும் இந்தக் கடிதத்தை வாசித்ததும் அவளுடைய டாக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொள். தப்பித்தது என் சாமர்த்தியத்தால் இல்லை. துரைக்கு அந்த நோய் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவே மாட்டேன் என்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் வருகிறது. வியாபாரத்தின் நடுவில் வருகிறது. எடையைத் தப்பாகப் போட்டுவிட்டு ஆட்களிடம் பேச்சு வாங்குகிறேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ துரையை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். நீ வற்புறுத்தினாலும் நான் அனுப்ப மாட்டேன். ஆபரேஷன் முடிந்து நான் நடக்கிற வரைக்கும் கருப்பசாமி இங்கேயே தங்குவதாகச் சொல்லிவிட்டான்; கால் தட்டுகிறதும் கை காட்டுகிறதும் அவனுக்கும் பழக்கம். துரை மேல் கோபப்படாதே. ஒரு நாள் பாப்பாவுக்கு விவரம் தெரிகிற வயசு வந்து, நீயும் அனுமதித்தால், அவன் விழித்திருக்கும்போது முன்னால் வந்து நின்று தன்னைக் காட்டிவிட்டுத் தொடவேண்டும் என்று நானே அவளுக்குச் சொல்லித் தருவேன். அதற்கு முன்னால் நீ அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொன்னதுதான் நிஜம், தாத்தாதான் பொய் சொன்னார் என்று சொல். நம் வீட்டில் ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லி, பெரியவன் சிரித்து அதை மூடிய பாவம் அவள் மனசில் தங்கக் கூடாது. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு. அவர் என்ன பேசினாலும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று நீ கேட்பாய். துரையை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்வாய், அந்த வாயில்லாச் செவிட்டுப் பிராணி திருச்சுழி ரோட்டில் லாரியில் அடிபட்டுச் சாகும் என்று பயந்துதான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று வரைக்கும் அதை நம்பவும் செய்தேன். இன்று எழுத உட்கார்ந்தபோதுதான் அதுவும் பொய் என்று பட்டது. இந்த வீட்டுக்குப் பாப்பாவை இனிமேல் அனுப்ப மாட்டாய் என்று பயந்தேன், தாயி. உன் அம்மாவும் இல்லாத வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை கேட்கிற சத்தம் அவளுடையது ஒன்றுதான். அதை இழந்துவிடக் கூடாது என்றுதான் அவளையே பணயம் வைத்தேன். நீ ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாலும், வராமலே இருந்துவிட்டாலும், பாப்பா எங்கே என்று நான் கேட்க மாட்டேன்.